நேர்ந்துகொண்ட புரொப்பல்லர்

பழையகாயல்
8 ஜனவரி 2025

அன்புள்ள டார்லினுக்கு,

எஸ்றா எழுதுவது. ஃபோனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். "இனிமே எதுன்னாலும் எழுதுங்க, எழுத்துல கத்த முடியாதுல்லா" என்று போன வாரம் சொன்னாய். முடியும். பேனாவை அழுத்திப் பிடித்தால் போதும். இந்தத் தாளைத் திருப்பித் தடவிப் பார், தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை முகத்துவாரத்தில் வள்ளம் தட்டிவிட்டது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் மணல்திட்டு இடம் மாறிக் கிடந்தது, அடியில் கல் வேறு. புரொப்பல்லரின் மூன்று இலையில் ஒன்று பாதியோடு போயிற்று. இன்னொன்று அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. எஞ்சினை ஓட்டினால் வள்ளம் நின்ற இடத்தில் நடுங்குகிறதே தவிர நகரவில்லை. துடுப்புப் போட்டுத்தான் கரை வந்து சேர்ந்தேன்.

தூத்துக்குடியில் புதுசுக்குப் பதினெட்டாயிரம் சொல்கிறார்கள். உடைந்ததைப் பற்றவைத்துத் தர யாருக்கும் மனசில்லை. "அதத் தூக்கிக் கெடாசிட்டுப் புதுசு மாட்டும்வே" என்கிறார்கள். கையில் ஏழாயிரம்தான் இருக்கிறது. அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

புத்தம்புதுசு ஒன்று நம் வீட்டிலேயே கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. என்றைக்காவது இப்படி ஆகும் என்றுதான் ஒரு வருஷம் மிச்சம்பிடித்து வாங்கி வைத்தேன். நவம்பரில் நான் வேம்பாரில் தங்கல் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நீ அதை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை என்று கோயிலில் கொண்டுபோய் வைத்தாய். பூசணிக்காயோடும் சேவலோடும் அதையும் ஏலம் விட்டார்கள். எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோயில் உபதேசியாரிடம் கேட்டால், "கொடுத்த வீடு திரும்பக் கேக்கக் கூடாதுல்லா எஸ்றா" என்று நழுவுகிறார்.

நீயாவது சொல். போய் விலைக்குக் கேட்கிறேன். ஜெமிமாவுக்கு என் முத்தம். நீ எப்படி இருக்கிறாய் என்றும் எழுது.

எஸ்றா

.

பாளையங்கோட்டை
13 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். தாளைத் தடவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். கிரேஸ் அக்கா வீட்டில் மாடி அறையைக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுதியில் கணக்குப் பார்க்கிற அம்மா பிரசவ விடுப்பில் போனதால் அந்த வேலையை ஏப்ரல்வரை நான் பார்க்கிறேன். ஜெமிமா, அக்கா வேலை பார்க்கிற பள்ளியிலேயே இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். டெங்கு வந்த உடம்பு மாதிரியே இல்லை. மூன்று இட்லி போதாது என்கிறாள்.

நான் புரொப்பல்லருக்காக வீட்டைவிட்டு வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வேம்பாரிலிருந்து வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நேரே கோயில் முற்றத்துக்கு வந்தீர்கள். ஐக்கியச் சங்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் "ஆண்டவரு என்ன வள்ளமா ஓட்டுதாரு, அவருக்கு எதுக்குட்டி புரொப்பல்லர்?" என்றீர்கள். ஒருத்தி சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆண்டவர் வள்ளத்தில் ஏறியவர்தான் அத்தான். காற்றை அதட்டியவர்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எடுத்தது ஸ்ரீவைகுண்டம் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி. வாழைத்தார் வியாபாரி. வருஷாவருஷம் நம் பண்டிகை ஏலத்துக்கு வருவாரே, அவர். பெயரைச் சொல்லிவிட்டேன். போவதும் போகாததும் உங்கள் மனசு. நேர்ந்து கொடுத்ததைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதையும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு வழி இருக்கிறது. மேலப்பாளையத்தில் அலி அஸ்கர் என்று ஒருவர், தண்ணீர் மோட்டாரின் உள்ளே சுற்றுகிற வெண்கலச் சக்கரம் உடைந்தால் பற்றவைத்துச் சரிசெய்கிறவர். எங்கள் விடுதி மோட்டாரை அவர்தான் பிழைக்கவைத்தார். உங்கள் புரொப்பல்லரும் வெண்கலம்தானே. அனுப்பி வையுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.

டார்லின்

.

பழையகாயல்
21 ஜனவரி 2025

ஏட்டி டார்லின்,

போனேன். போகாமல் இருக்க நான் என்ன அவ்வளவு நல்லவனா?

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றை ஒட்டித்தான் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் வாழைத்தார் கொட்டகை. லாரியில் தார் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காற்றில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே பாரம் வைத்திருந்தார்கள். இரண்டு கருங்கல், ஒரு பழைய டயர், நம் புரொப்பல்லர். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கீறல்கூட விழாமல் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, தார்ப்பாய்மேல்!

அண்ணாச்சி என்னை உட்காரவைத்து டீ சொன்னார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வித்தா எனக்கு ஆகாதுவே. சாமி பொருளு. ஆனா எரவலாக் கொண்டுபோம். எத்தன வருசம் வேணும்னாலும் வச்சிக்கிடும், நான் கேக்கவே மாட்டேன்" என்றார். பார்த்தாயா, அவருக்கு இருக்கிற புத்தியை. எனக்கும் அது சரியாகவே பட்டது. தார்ப்பாயிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கேட்டேன், "படகுச் சாமான நீங்க ஏன் அண்ணாச்சி ஏலத்துல எடுத்திய?" என்று. அவர் சொன்னது இது: "நான் சேவலுக்கு வந்தவன்வே. இத மூணு மட்டம் கூவியும் ஒருத்தனும் கேக்கல. ஒம்ம வீட்டம்மா தலையக் குனிஞ்சிட்டு நிக்கா. உபதேசியாரு, 'எதுக்காக நேந்ததும்மா, சாட்சி சொல்லு'ன்னாரு. அவ, 'எங்க வீட்டுக்காரரு கரைக்கு வந்து சேரணும்னு'ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. அதுக்கு மேல நான் எப்படிவே சேவலக் கேப்பேன்?"

ஜெமிமாவுக்காக நேர்ந்தது என்றுதானே நீ என்னிடம் சொன்னாய்?

மடியில் இருந்ததை எடுத்துத் திரும்பத் தார்ப்பாய்மேல் வைத்துவிட்டு வந்தேன். உடைந்ததை அண்ணாச்சியின் லாரியிலேயே பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறேன். கிரேஸ் அக்கா வீட்டில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். கூர் முனை இருக்கிறது, ஜெமிமாவைத் தொடவிடாதே.

எனக்கு ஏன் பொய் சொன்னாய் என்று எழுது. கோபத்தில் கேட்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்துக்கொள்.

எஸ்றா

.

பாளையங்கோட்டை
27 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.

புரொப்பல்லர் வந்து சேர்ந்தது. வாழைக்காய்ப் பாலாக அப்பியிருந்ததைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்தேன். சனிக்கிழமை பையில் வைத்து டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மேலப்பாளையம் போனேன். கண்டக்டர் லக்கேஜ் போடவேண்டும் என்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு போனேன்.

அலி அஸ்கர் அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படகு வேல நான் பாத்தது இல்ல தங்கச்சி. ஆனா இதுவும் தண்ணியத் தள்ளுததுதான. முழுசா ஒரு இல மிச்சம் இருக்கு, அதப் பாத்து மத்தத எழுப்பிரலாம். கூலி மூவாயிரத்துக்கு மேல போவாது" என்றார். பின்னால் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் வள்ளக்காரன் பெண்டாட்டியாக இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதுங்கள்.

இனி நீங்கள் கேட்டது.

நவம்பரில் ஜெமிமாவைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் வாடைக்காற்று பேய்க்காற்றாக அடித்தது. ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார் டாக்டர். உங்களுக்கு ஃபோன் போட எடுத்தேன். அப்போது என் அப்பா இறந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் நீங்கள் வேம்பாரில்தான் இருந்தீர்கள். எல்லோரும் தடுத்தும் கேட்காமல் அந்தக் கடலில் தனியாக வள்ளத்தை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். பாதித் தண்ணீரும் பாதி நீங்களுமாகக் கரை சேர்ந்தீர்கள். அப்பாவுக்காக அழுவதா உங்களுக்காக அழுவதா என்று தெரியாமல் அன்று நின்றேன்.

ஜெமிமாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தால் நீங்கள் ஒரு நிமிஷம் நிற்கமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. மூன்று நாள் ஃபோனில் "நல்லா இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் ஃபோன் கிடைக்கவில்லை. ஜெமிமாவைப் பற்றி யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள், நீங்கள் கடலில் இறங்கிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அந்த வீட்டில் உங்களுக்கு எது பெரிதோ அதைத் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். எடுத்துக் கொடுத்தது உங்களுக்காகத்தான்.

சாயங்காலம் சார்ஜ் போட்டுவிட்டு நீங்களே கூப்பிட்டீர்கள். வந்து நீங்கள் கத்தியபோது, உங்களுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்காக என்றால் கத்தமாட்டீர்கள் என்று நினைத்தேன். அதற்கும் கத்தினீர்கள்.

டார்லின்

.

பழையகாயல்
2 பிப்ரவரி 2025

என் டார்லினுக்கு,

பின்னால் நின்று முன்பக்கம் பார்த்தால் வலது பக்கமாகச் சுற்றும். கடிகாரம் சுற்றுகிற மாதிரி. அலி அஸ்கர் பாயிடம் இலை ஓரத்தை அரம் போட்டு ரொம்ப மெலிதாக ராவவேண்டாம் என்று சொல். மணல் தின்றுவிடும்.

உன் கடிதத்தை வள்ளத்தில் உட்கார்ந்து படித்தேன். அதுவும் கரையில்தானே கிடக்கிறது.

நான் கத்தியது புரொப்பல்லருக்காக என்று ஊரே நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை டார்லின். என் பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். ஆண்டவருக்குத் தெரியும், உபதேசியாருக்குத் தெரியும், சேவல் எடுக்க வந்த பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்குத் தெரியும். அப்பனுக்குத் தெரியாது. நான் அங்கே கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுவிட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. நீ பயந்தது நியாயம். நான் வந்திருப்பேன், அதுவும் உண்மை. ஆனாலும் ஆறவில்லை.

கோயில் முற்றத்தில் சொன்னது தப்பு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐக்கியச் சங்கத்துப் பெண்கள் இருக்கும்போதே, "அன்னைக்கு நான் பேசுனது என் கொழுப்பு" என்று சொல்லிவிட்டேன். ஒருத்தி சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தவள்தானா என்று தெரியாது, போகட்டும்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது, அது என்னுடையது. மணல்திட்டு இடம் மாறிக் கிடந்தது என்று எழுதினேன். அது டிசம்பரிலேயே மாறிவிட்டது, எனக்குத் தெரியும். கிரேஸ் அக்கா அன்று ஃபோனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். ஜெமிமா முன்பல் விழுந்து சிரிக்கிறாள். பின்னால் பாதியாக நீ தெரிகிறாய், மெலிந்து போயிருக்கிறாய். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே முகத்துவாரத்தில் வள்ளத்தை விட்டேன். இருபது வருஷத்தில் நான் அங்கே தட்டியதே இல்லை. ஊரில் கல் மேல் பழியைப் போட்டிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

எஸ்றா

.

பாளையங்கோட்டை
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் மெலியவில்லை. அது அக்காவின் சேலை, அப்படிக் காட்டுகிறது.

வேலை முடிந்தது. இரண்டு சனிக்கிழமை பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். நல்ல இலையைக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்தார். வளைந்த இலையைச் சூடாக்கி, அந்த அச்சில் உட்காரும்வரை பையப் பையத் தட்டினார். உடைந்த இலைக்குப் பழைய மோட்டார் சக்கரத்திலிருந்து வெண்கலம் வெட்டிப் பற்றவைத்து ராவினார். அப்புறம்தான் வேடிக்கை. நடுத்துளையில் வழவழப்பான கம்பியைக் கொடுத்து இரண்டு இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தார். கனமான இலை தானாகக் கீழே வந்தது. அதில் கொஞ்சம் ராவினார். இப்போது அடுத்த இலை கீழே வந்தது. அதில் கொஞ்சம். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை இதே வேலை. மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் அதே வேலை. "இது முன்னாலயே சமமா இருந்தது இல்ல தங்கச்சி, ஒங்க வள்ளம் எப்பவும் ஒதறியிருக்குமே" என்றார். ஆமாம் என்றேன். கடைசியில் ஜெமிமாவைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். பல் இல்லாத வாயால் ஊதினாள். சுற்றியது.

இரண்டாயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டார். என் சம்பளத்தில் கொடுத்தேன். நீங்கள் தரவேண்டாம். பிச்சைக்கண்ணு அண்ணாச்சி லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஆறவில்லை என்று எழுதியதைப் பலமுறை படித்தேன். நியாயம் அத்தான். உங்கள் பிள்ளையை உங்களிடம் மறைத்தேன். பயத்தில் செய்தாலும் அது மறைத்ததுதான். மன்னியுங்கள்.

ஆனால் நான் திரும்பி வருவது இதில்தான் இருக்கிறது. இனி எதையும் மறைக்கமாட்டேன். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்வேன். கேட்டதும் நீங்கள் காற்றையும் பாராமல் கடலில் இறங்கமாட்டீர்கள் என்று நான் நம்ப வேண்டும். நம்ப முடியாவிட்டால் மறுபடியும் மறைப்பேன், எனக்கே தெரியும். அப்படி ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது.

யோசித்து எழுதுங்கள். உடனே சரி என்று எழுதினால் நம்பமாட்டேன்.

டார்லின்

.

பழையகாயல்
9 மார்ச் 2025

என் டார்லினுக்கு,

மூன்று வாரம் யோசித்தேன். நீ சொன்னதற்காக இல்லை. எழுத வரவில்லை.

முதலில் புரொப்பல்லர். வள்ளத்தைக் கரையேற்றி, தண்டில் பொருத்தி, நட்டை முறுக்கி ஓட்டிப் பார்த்தேன். ஏட்டி, உதறலே இல்லை. எஞ்சின் பெட்டிமேல் டீ டம்ளரை வைத்தேன், வைத்த இடத்தில் நின்றது. ஒரு கேன் டீசலில் முன்னைவிட அதிகத் தூரம் போகிறது. மேலப்பாளையத்துப் பாய்க்கு ஒரு சீலா மீன் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குச் சரி என்று நாலு தாளில் எழுதினேன். நாலையும் கிழித்தேன். சத்தியம் பண்ணுவது எனக்குச் சுலபம். கூட்டத்தில் நின்று பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். ஆனால் ஜெமிமாவுக்கு முடியவில்லை என்று கேட்டபிறகு கரையில் சும்மா உட்கார்ந்திருப்பேனா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கால் தண்ணீரில் நிற்கிறது. எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை டார்லின். உன்னிடம் இனி பொய் எழுதக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே. சொன்னபிறகு நான் என்ன செய்வேன் என்பதை அப்போது பார்க்கலாம். பயந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்து பயந்தால் போதாதா, இரண்டு ஊரில் எதற்கு?

ஏப்ரலில் பள்ளிக்கூடம் முடிகிறது. வா.

எஸ்றா

.

பழையகாயல்
20 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் உள்ளே ஜெமிமாவின் காலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். காலை ஏழு மணி. ஏப்ரலில் பள்ளிக்கூடம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. ஜெமிமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இதை எழுதி உங்கள் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். வேம்பாருக்குப் போய்ப் படித்தால் போதும். வாயால் சொல்லப் போனால் நான் அழுவேன், நீங்கள் போகாமல் இருந்துவிடுவீர்கள், வலையும் வள்ளமும் அங்கே அநாதையாகக் கிடக்கின்றன.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, வேம்பாரில் இருந்த உங்களைக் கூப்பிட ஃபோனை எடுத்தேன். கச்சான் காற்றில் வாசல் வேப்பமரம் தலையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. சொல்லிவிட்டேன். காய்ச்சல் நூற்றுமூன்று, ரத்தம் எடுத்திருக்கிறார்கள், என்னவென்று இன்னும் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் "வைக்கேன்" என்று வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அந்த ஆறு மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன். டெங்கு இல்லை, தொண்டைப் புண்தான் என்று டாக்டர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஜெமிமாவைப் படுக்கவைத்துவிட்டு ஆற்றுக் கரைக்குப் போய் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. ஒரு வள்ளமும் வரவில்லை. நாலரை மணி இருக்கும்.

"அங்கன என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

ரோட்டுப் பக்கமிருந்து வந்தீர்கள். தோளில் ஈரச் சாரம், காலில் செருப்பு இல்லை, கையில் மூன்று பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்திருந்தீர்கள். முழங்கால்வரை கடல் மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள். இறங்கி நின்றுவிட்டுத் திரும்பி ஏறியிருக்கிறீர்கள்.

அந்த மணலைக் கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

டார்லின்